படித்துக் காட்டிய மேனுவல்

போன வாரம் எங்கள் சேலையூர் வீட்டில் புது வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்தால் தெர்மோகோல், அதற்குள் மறுபடியும் தெர்மோகோல். மேனுவலை மட்டும் காணோம். ஓர் அட்டையில் க்யூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் போன் நம்பர் கேட்டது, ஓடிபி கேட்டது, கடைசியில் சந்தா கட்டினால்தான் முழுசாகக் காட்டுவேன் என்றது. மெஷினை வாங்கியவன் நான். அதை ஓட்டுவது எப்படி என்பது மட்டும் கம்பெனி ரகசியமாம். எனக்கு வந்ததே கோபம்.

ஆனால் அந்தத் தெர்மோகோல் வாசனை இருக்கிறதே, அது என்னை நேரே குரோம்பேட்டைக்குக் கொண்டுபோய் விட்டது. என் முதல் வேலை அங்கேதான், எம்பிராய்டரி மெஷின் விற்கிற ஒரு சின்னக் கம்பெனியில். வாடிக்கையாளர்களின் போனை எடுத்து யோசனை சொல்ல வேண்டும். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது என்பது வேறு விஷயம்.

பக்கத்து மேஜையில் ரெஜினா மேடம். தமிழ் மேனுவலை எழுதியவர் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவது மாதிரியே எழுதியிருப்பார். என்ன பிரயோஜனம்? வருஷ சர்வீஸ் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். “சும்மா குடுத்துட்டா அப்புறம் சர்வீஸுக்கு யாரும்மா கூப்பிடுவாங்க?” என்பார் முதலாளி.

ஒரு நாள் மத்தியானம் அனகாபுத்தூரிலிருந்து சாந்தி அக்கா என்று ஒருவர் கூப்பிட்டார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின், சர்வீஸ் கிடையாது.

“சார், மிஷினு அப்டியே நின்னுகினு கீது. நாளைக்கு முகூர்த்தம். பொண்ணோட ப்ளவுஸு பாதில மாட்டிகினு கீது. இன்னா பண்றதுன்னே தெர்ல சார்.”

எந்த நிமிஷமும் அழுதுவிடுகிற குரல். சர்வீஸ் எடுத்தால்தான் உதவ முடியும் என்ற வழக்கமான பல்லவியை நான் தொடங்குவதற்குள் ரெஜினா மேடம் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். மேனுவலைப் பிரித்து, சர்ச்சில் வேதம் வாசிப்பார்களே, அந்த நிதானத்தில் வாசித்தார். ஸ்விட்சை அணைக்கவும். ஊசிக்குக் கீழே உள்ள தட்டைக் கழற்றவும். அடியில் சிக்கிய நூலை இழுக்காமல் வெட்டி எடுக்கவும். வரிக்கு வரி நிறுத்தி “ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டார்.

நடுவில் முதலாளி வந்து நின்றார். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கரில் மெஷின் தடதடவென்று ஓடியது. “ஓடுது மேடம், ஓடுது” என்றார் சாந்தி அக்கா. இந்தத் தடவை நிஜமாகவே அழுதார்.

“மேனுவலக் குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?” என்றார் முதலாளி.

“குடுக்கல சார். படிச்சுக் காமிச்சேன். நாளைக்கு யாரு கேட்டாலும் படிப்பேன்.”

மேடத்துக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி மேஜையில் இருந்த மேனுவலை எடுத்துப் புரட்டினார். “நீ நாள் பூரா படிச்சிட்டிருந்தா மத்த வேலைய யாரும்மா பாக்கறது? வெப்சைட்ல போட்டுத் தொலை. எல்லாருக்கும்.”

எப்பேர்ப்பட்ட மனுஷி, பாருங்கள். சர்வீஸ் படுத்துவிடும் என்று முதலாளி பயந்தது நடக்கவே இல்லை. மேனுவலைப் படித்துவிட்டுப் புது மெஷின் வாங்க வந்தவர்கள் உண்டு.

பிற்பாடு ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கியது, முதல் வேலையாக அந்த வெப்சைட் பக்கத்தை மூடியது. மேனுவல் மட்டும் தையல்காரர்களின் வாட்ஸப் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது. எனக்கும் ஒன்று வந்தது. கடைசிப் பக்கத்தில் மேடம் அடம்பிடித்துச் சேர்த்த வரி அப்படியே இருந்தது: ‘இன்னும் புரியவில்லையா? கூப்பிடுங்கள், படித்துச் சொல்கிறோம்.’ கீழே மேடத்தின் மேஜை போன் நம்பர். மேடம் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தெரிந்தும் கூப்பிட்டுப் பார்த்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லிவிட்டு அதுவே வைத்துவிட்டது.