நான் ஊற்றிக் கொடுத்த அனிசோல்

றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆய்வுகூடம் என்று ஓர் அறையையும் ஓர் அலுமாரியையும் தந்தார்கள். அலுமாரிக்குள் எங்கிருந்தோ வந்து சேர்ந்த போத்தல்கள். அவற்றில் ஒன்றில் அனிசோல் என்ற இரசாயனத் திரவம். எங்கள் பாடத்திட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் மூடியைத் திறந்தால் பெருஞ்சீரக வாசம் அறை முழுக்கப் பரவும். அதற்காகவே அடிக்கடி திறப்பேன்.

பாடசாலையைக் கூட்டித் துடைக்கும் அக்காவுக்கும் அந்த வாசம் பிடித்துப்போயிற்று. கொழுந்து பறித்துப் பறித்து முழங்கால் தேய்ந்த பிறகு, கெஞ்சிக் கேட்டு இந்த வேலைக்கு வந்தவர். இது என்ன சாமான் என்று கேட்டார். யாராவது கேட்டால் போதும் எனக்கு. வாசனைத் திரவியம் செய்ய இது வேண்டும், மருந்து செய்யவும் வேண்டும் என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். சட்டென்று தீப்பிடிக்கும், சூடுபட்டால் அதன் ஆவி இன்னும் ஆபத்து, தோலில் பட்டால் எரியும் என்பதும் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள்தானே. அதையெல்லாம் சொன்னால் பேச்சின் அழகு கெட்டுவிடும் போலிருந்தது. சேலைப் பெட்டிக்குள் வைக்கக் கொஞ்சம் கேட்டார். ஒரு சின்ன மருந்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். லேபல் ஒட்டவில்லை.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எந்தத் தைலமானாலும் கரண்டியில் ஊற்றி, அடுப்பில் சூடு காட்டித்தான் தேய்ப்பார்கள். நானும் லயத்தில் பிறந்தவள். என் அம்மாவின் முதுகுக்கு நானே அப்படிச் சூடாக்கிக் கொடுத்திருக்கிறேன். மருந்து என்ற சொல் காதில் விழுந்த பிறகு அந்தப் போத்தல் சேலைப் பெட்டியில் இருக்காது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முழங்கால் வலி கூடியதும், அக்கா அதைக் கரண்டியில் ஊற்றி அடுப்பில் காட்டியிருக்கிறார். குப்பென்று பற்றிவிட்டது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது. என்ன தைலம் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டதற்கு, பெயர் தெரியாது, நல்ல வாசமாக இருக்கும் என்று இவரும் சிங்களத்திலேயே சொன்னாராம்.

பாடசாலை அதிபரோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போத்தல் எப்படிக் கைக்கு வந்தது என்று அதிபர் கட்டிலருகே நின்று கேட்டார். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நாந்தாங்க சார் கேக்காம எடுத்தேன். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

நான் வாயைத் திறந்திருக்கலாம். இல்லை என்ற ஒரு சொல் போதும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதமே திருட்டுப் பட்டத்தோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அப்போதும் நான் பேசவில்லை. அந்த நாட்களின் என்னை நினைத்தால் இன்றும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சில வருஷம் கழித்து பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். விரல் மடங்காத கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"லயத்துலருந்து படிச்சு வந்த புள்ள நீங்க. ஒங்க வேல போயிருமேன்னுதான் டீச்சர்," என்றார்.

என் வேலை போயிருக்காது. ஆசிரியைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவோடு முடிந்திருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். இடது கையால் கம்பியைப் பிடித்து அவர் இறங்கிப் போகும்வரை, அதையும் நான் சொல்லவில்லை.