ஷார்ட் கார்னரில் பந்தை நிறுத்திய கை

ராயபுரத்து ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த பொட்டலை ஆக்கி மைதானமாக்கியது நான். பேசின் பிரிட்ஜிலிருந்து கரிச்சாம்பலை மாட்டு வண்டியில் கொண்டுவந்து கொட்டிக் காலாலேயே மிதித்துச் சமப்படுத்தினேன். கோல் போஸ்ட் நட்டதும் நான். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட குழாய்கள் அவை. காசிமேட்டில் கிழிந்த மீன் வலையைக் கெஞ்சி வாங்கி, ஒட்டுப் போட்டு, கோலுக்குக் கட்டினேன். கோல்கீப்பருக்குப் பேட் வாங்க வழியில்லை. தென்னை நாரைக் கோணியில் திணித்து நானே தைத்துக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்து, எண்ணூரிலிருந்து கட்டிய வேட்டியோடு வந்து ஐஸ் தூக்கிய கூலி நான். அப்புறம் சொந்த ஐஸ் கடை, காலடிப்பேட்டையில் மாடி வீடு. எவனும் என்னைக் கைதூக்கி விடவில்லை.

இதற்கெல்லாம் யாரும் எனக்கு மாலை போட வேண்டாம். ஒரே ஒரு கோல் விஷயம்தான் என்னை உட்கார விடாமல் அடிக்கிறது. இந்தப் பாரா எழுதுவதற்குள்ளேயே மூன்று தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன்.

எங்கள் பழைய டீமைப் பற்றி ராயபுரம் கிளப்பில் மலர் போடுகிறார்கள். அச்சுக்குப் போகிற தாள்களைப் போன வாரம் காட்டினார்கள். நாங்கள் கோப்பை ஜெயித்த ஆட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "கடைசி நிமிஷத்தில் கிடைத்த ஷார்ட் கார்னரில் நமது ஃபுல் பேக் அடித்த அடி கோலாயிற்று." அவ்வளவுதான். என் பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

"பந்து தானா நடந்து வந்து நின்னுச்சா?" என்று கேட்டேன்.

மலர்க் கமிட்டிக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "கோல் போட்டவங்க பேருதான் போடறது வழக்கம், பெரியவரே. நிறுத்தினவங்க, தள்ளினவங்க பேரெல்லாம் போட்டா பக்கம் பத்தாது."

அங்கிருந்து காலடிப்பேட்டைக்கு நடந்தே வந்தேன். வீட்டு வாசலைத் தொட்டதும் மனசு கேட்காமல் திரும்பவும் ராயபுரத்துக்கு நடந்தேன். கிளப்பைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஷார்ட் கார்னரில் கைக்கு என்ன வேலை என்று தெரியாது. எதிராளி கோலுக்குப் பக்கத்தில் தப்பு செய்தால் நமக்கு ஷார்ட் கார்னர். ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தை வேகமாகத் தள்ளுவான். அரை வட்டத்து விளிம்பில் இன்னொருவன் குனிந்து அதை உள்ளங்கையால் நிறுத்துவான். அப்போதெல்லாம் கையால் நிறுத்தலாம். பந்து ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். நின்ற நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். மூன்றாமவன் கோலைப் பார்த்து அடிப்பான். பந்து கொஞ்சம் உருண்டாலும் அம்பயர் விசில் ஊதிவிடுவார். எங்கள் டீமில் தள்ளுகிறவன் அடிக்கடி மாறுவான். அடிக்கிறவர் ஒருவர்தான். நிறுத்தியவன் நான்.

அடிக்கிறவர் எங்கள் ஃபுல் பேக், ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரஸர் அறை ஃபிட்டர். ஆங்கிலோ இந்தியர், எங்கள் பக்கம் சட்டைக்காரர் என்போம். ராயபுரத்திலேயே பிறந்தவர், எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். எல்லோரும் அவரைத் தொரை என்று கூப்பிடுவோம்.

மைதானம் போட்டது நானானாலும், ஆட்டக்காரனாக டீமுக்குள் வந்தது தற்செயல்தான். ஆட்டக்காரர்கள் குடிக்கிற தண்ணீருக்கு ஐஸ் பார் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றிருந்தேன். அதுவரை பந்து நிறுத்திக்கொண்டிருந்தவனுக்குக் கட்டைவிரல் பிசகிவிட்டது.

"டேய் ஐஸு, சும்மாதான நின்னுகினு கீற? வந்து கைய வை" என்றார் தொரை.

"காலுக்கு பூட்ஸ் இல்லியே தொரை."

"வர்ற பந்து உன் கால பாத்துட்டா வருது?"

வைத்தேன். பந்து உள்ளங்கையில் வந்து செத்த மாதிரி நின்றது. தொரை அடிக்க மறந்து என் கையைப் பார்த்தார். "இன்னாடா இது, கைல பிசின தடவிகினு வந்தியா?"

"ஐஸு தூக்கின கை. வலி தெரியாது."

அது பாதி உண்மை. தினமும் ஐஸ் பார் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை மாட்டுத் தோலாக மாறியிருந்தது. அடி பட்டால் வலிக்காது. ஆனால் பந்து அசைகிறதா, நின்றுவிட்டதா என்பதை அந்தத் தோல் எனக்குச் சொல்லிவிடும். அது சொன்னதும் கையை எடுப்பேன். ஒருநாளும் நான் பந்தைக் கண்ணால் பார்த்துக் கையை எடுத்ததில்லை.

ஏழு வருஷம் அப்படி நிறுத்தினேன். ஆட்டத்துக்கு முன்னால் கோட்டோரம் ஒரு வாளியில் ஐஸ் உடைத்துப் போட்டு வைத்து, ஷார்ட் கார்னர் கிடைத்ததும் அதில் கையை முக்கிக்கொள்வேன். வருகிற அடி எதுவும் உறைக்காது, பந்தின் அசைவு மட்டும் தெரியும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. மற்ற டீம்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

"இன்னா நைனா, கைய கழுவிகினு பிரியாணி சாப்ட வந்தியா?"

"ஆமா, உங்க கோல்தான் பிரியாணி" என்பேன்.

ஷார்ட் கார்னர் கிடைக்காத ஆட்டம் எனக்கு நரகம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பேன். ஒரு இடத்தில் நில்லுடா என்று தொரை கத்துவார். நிற்க முடிந்திருந்தால் எண்ணூரிலேயே நின்றிருப்பேனே!

கோப்பை ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எதிரே திருவொற்றியூர்ப் பக்கத்து டீம். இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. சித்திரை வெயிலில் வாளியில் இருந்த ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது ஐஸ் உடைத்துப் போட்டேன். அதுவும் போதாது என்று தோன்றிற்று. ஃபேக்டரிக்குள் ஓடி, ஐஸ் உறைய வைக்கிற தொட்டிக்குப் போடும் உப்பு மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி வந்து வாளியில் போட்டேன். உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் பல மடங்காகும் என்பது எங்கள் ஃபேக்டரியில் எல்லோருக்கும் தெரியும். வேறு எந்த டீம்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. இந்தத் தப்பும் வந்திருக்காது.

"தொட்டிக்குப் போடறத கைக்குப் போடறியே மாமு, கை கீதா போச்சான்னு பாத்துக்கோ" என்றார் தொரை.

"நீ அடிக்கறத பாரு தொரை."

கடைசி நிமிஷத்தில் ஷார்ட் கார்னர் கிடைத்தது. உப்பு வாளியில் கையை வழக்கத்தைவிட அதிக நேரம் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினேன். பந்து வந்தது. கையை வைத்தேன். கை எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. மரக்கட்டையாக இருந்தது. பந்து உள்ளே இருக்கிறதா என்பது கூடத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். விரல்களுக்கு நடுவே பந்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"கைய எட்றா!" என்று தொரை கத்தினார். மட்டை மேலே ஏறிவிட்டது.

எடுத்திருந்தால் பந்து உருண்டிருக்கும். விசில். கோப்பை போயிருக்கும். நான் எடுக்கவில்லை. பந்தை அழுத்தி நிற்க வைத்தேன். நின்றது. அதற்குள் மட்டை வந்துவிட்டது. பந்தோடு என் இரண்டு விரல்களையும் சேர்த்துத்தான் அவர் அடித்தார்.

மீன் வலை அதிர்ந்தது. கோல். எல்லோரும் தொரையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு வலியே இல்லை. சாம்பல் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. கோப்பையோடு அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டோதான் மலரிலும் வருகிறது.

கையை எடுக்கத் தெரியாதவன் என்று பேர் வந்தது எனக்கு. அந்த இரண்டு விரல்களும் இன்று வரை மடங்கவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் இடது கையால் நிறுத்தினேன். இன்னொருவன் அப்படி நிறுத்தியிருந்தால் காட்டுங்கள்.

சில வருஷம் கழித்துத் தொரை குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பினேன்.

"உன் கை மேலயே அடிச்சிட்டேன்னு எனக்கு இன்னும் பேஜாராதான் கீது மாமு."

"அத்த வுடு தொரை. நான் கைய எட்த்திருந்தா?"

"எட்த்திருந்தா பந்து ஓடியிருக்கும். நான் மண்ணதான் அடிச்சிருப்பேன்."

"இத்த நாலு பேர் கைல சொல்லிட்டுப் போயேன்."

"கப்பல்ல சங்கு வூதிட்டான்டா. இப்ப யார் கைல போய் சொல்றது?" என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டார். அப்புறம் கடிதமும் இல்லை.

அவர் சொல்லாததால் நான் சொல்கிறேன். மலர்க் கமிட்டிக்காரர்களே, தாள் அச்சுக்கூடத்துக்குப் போவதற்குள் அந்த வரியைத் திருத்துங்கள். உப்பைப் போட்டது என் தப்பு. அதையும் அச்சடியுங்கள், எனக்கு வெட்கமில்லை. ஆனால் நின்ற பந்தைத்தான் அவர் அடித்தார், நிறுத்தியவன் நான் என்று போட வேண்டும். பக்கம் பத்தவில்லையென்றால் போட்டோவைச் சின்னதாக்குங்கள். என் பெயர் அடித்தவர் பெயருக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. பந்து முதலில் என் கைக்குத்தான் வந்தது.