சட்ட வகுப்பும் சோடாப் போத்தலும்

சட்டம் படிக்க இடம் தேடுவதும் ஒரு முழுநேர உத்தியோகம்தான். ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. அதுவும் கடற்கரை ஊரில் இருந்து, இடுப்பில் பிள்ளையோடு வெளிக்கிட்டால் சொல்லவே வேண்டாம். எங்கள் ஆட்கள் வலைச் சண்டைக்கும் வள்ளச் சண்டைக்கும் அடிக்கடி வழக்கென்று கோடு ஏறுவார்கள். அங்கே எங்களுக்காக வாதாட எங்களுக்குள் ஒரு அப்புக்காத்து இல்லை. நான் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதப் போகிறேன் என்றதும் மாமி தவணை வைத்தா: "ஒரு வருஷம் தாறன். பாஸ் பண்ணாட்டிப் பேசாமல் வந்து கருவாடு காயப்போடு." என்னைப் போல் வகுப்பு வகுப்பாய் அலைந்தவர்களுக்கு மிச்சக் கதை விளங்கும்.

எந்தப் பக்கம்?

முதலில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு வகுப்பு. மாஸ்டர் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். "ஊரிலை எந்தப் பக்கம்?" என்றார். "கடற்கரைப் பக்கம்" என்றேன். "கோயிலிலை உங்கடை ஆக்களுக்கு எத்தினையாம் திருவிழா?" என்றார். அதையும் சொன்னேன்; எங்கள் ஊரில் திருவிழா நாளைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரித்தான். என்ன படித்திருக்கிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. வகுப்பு நிரம்பிவிட்டதாம். அவருக்குப் பின்னால் வாங்குகள் ஆளில்லாமல் கிடந்தன. நான் அவற்றைப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"வாங்கு வெறுமையாத்தான் கிடக்கு, பிள்ளை. ஆனால் இடம் இல்லை."

சோடா மரியாதை

அடுத்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், ஒரு வீட்டு விறாந்தையில். அங்கே உடனே சேர்த்தார்கள். படிப்பும் நல்லது. இடைவேளையில் எல்லாருக்கும் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. எனக்கு மட்டும் சந்திக் கடையில் வாங்கிய சோடா. அடுத்த வகுப்பிலும் சோடா. அதற்கடுத்த வகுப்பிலும் அதேதான். போத்தலைக் கடைக்கே அனுப்பிவிடலாம்; நான் வாய் வைத்த கோப்பை அவர்களின் குசினிக்குள் போகாது. பக்கத்தில் இருந்த பெடியனுக்கு விஷயம் பிடிபடவில்லை, "உங்களுக்கு நல்ல மதிப்பு அக்கா" என்று பெருமூச்சு விட்டான்.

ஒரு நாள் எனக்கும் தேத்தண்ணி தரும்படி கேட்டேன். மாஸ்டரின் மனுசி வாய் நிறையச் சிரித்தா.

"தேத்தண்ணி சூடு, தங்கச்சி. பால் குடுக்கிற உடம்புக்குச் சோடாதான் குளிர்மை."

முறை

வருஷத்தில் பாதி போய்விட்டது. மாமி கருவாட்டுப் பாயை என் கண்ணில் படும்படி விரிக்கத் தொடங்கினா. கடைசியாக மருதனார்மடச் சந்தியில், ஒரு கடைக்கு மேல் மாடியில் நடந்த வகுப்புக்குப் போனேன். படிப்பித்தவர் என்னைவிட இளையவர், முசுட்டு அப்புக்காத்து. ஊரும் கேட்கவில்லை, பக்கமும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்து முடிந்ததும் எல்லாருடைய கிளாசையும் தட்டத்தில் அடுக்கி என் முன்னால் வைத்தார்.

"கழுவிக்கொண்டு வாங்கோ அக்கா."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஏன், எனக்கு மட்டுமோ?" என்று கேட்டேன். அவர் புத்தகத்தில் இருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"முந்தநாள் நான் கழுவினனான், நேற்று உந்தக் கோட்டிலை வழக்குப் பேசிற பிறக்கிராசியாற்றை மகன் கழுவினவர். கைப்பிள்ளைக்காரி எண்டு உங்களை விடேலாது. பிள்ளையை இஞ்சை தாங்கோ, நான் வச்சிருக்கிறன்."

கிளாஸ் கழுவச் சொன்னதற்காகவே ஒரு சட்ட வகுப்பைத் தெரிந்தெடுத்தவள் இந்தக் குடாநாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.