டீசலுக்குச் செவ்வரளி

எங்கள் மலைக்கு ஆலங்காயத்திலிருந்து ரோடு வந்த இரண்டாம் வருஷம், புளி மூட்டை இறக்க அப்பா ஒரு பழைய வேன் வாங்கப் புறப்பட்டார். எனக்குப் பத்து வயசு இருக்கும். விலைக்கு வந்தவை இரண்டு. வாணியம்பாடியில் நின்றது பெட்ரோல் வேன், திருப்பத்தூரில் நின்றது டீசல் வேன்.

அப்பாவுக்கு டீசல் மேல் நம்பிக்கை இல்லை. மார்கழிக் குளிரில் அது விடியலில் கிளம்பாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைவிட, அந்த நாற்றம் புளியில் ஏறிவிடும் என்பது பெரிய சந்தேகம். கையோடு ஒரு புளி உருண்டை கொண்டுபோய், அந்த வேனில் வைத்துத் திருப்பத்தூரை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, இறங்கி வாயில் போட்டுப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து, “கிஸ்ணாயில் நாத்தம் அடிக்குது” என்றார். அவர் புளியை எடுத்துப் போனதே மண்ணெண்ணெய் பாட்டில் வைக்கும் பையில்தான். அம்மா அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமன், டீசல் கட்சி. லாரி ஓட்டப் போய் இரண்டு வருஷம் ஒரு சேதியும் அனுப்பாதவன், வேன் என்று காதில் விழுந்ததும் வந்து சேர்ந்திருந்தான்.

“பெட்ரோலு இன்னா மாமா, மூடி லூசா இருந்தா காத்துலயே பூடும். மலையேத்தத்துல இழுக்கறது டீசலுதான்.”

“அந்தத் திருப்பத்தூர் வேன் தரகன் உனுக்கு இன்னா தர்றான், அத்த சொல்லு மச்சான் மொதல்ல.”

மாமனுக்கு முகம் கறுத்துவிட்டது. “பெட்ரோலே வாங்கிக்கோங்க. ஓட்டறதுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. நான் லாரிக்கே போறேன். இனிமே இந்த வூட்டுப் பக்கம் வர்றதா இல்ல.”

அவன் தட்டில் சாமைச்சோறு போட வந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு, “கத்தினது போதும். காளியம்மாவப் பூ கேட்டுடலாம்” என்றாள்.

பூ கேட்பது எங்கள் வழக்கம். இரண்டு இலைப் பொட்டலத்தில் இரண்டு நிறப் பூ வைத்துச் சாமி முன்னால் போடுவார்கள். வயசுக்கு வராத பெண்பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். எந்தப் பூ வருகிறதோ அதுவே வாக்கு. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. டீசலுக்குச் செவ்வரளி, பெட்ரோலுக்கு வெள்ளரளி என்று ஆயிற்று. எடுக்கப்போவது நான் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலிலேயே அம்மா கோயிலுக்குப் போய், மந்தாரை இலையில் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். அப்பாவும் நானும் பின்னால் போனோம். வழியில் அப்பா, “உங்க மாமன் கைமேலயே கண்ணு வெச்சிக்கோ” என்றார். அதுவரை வீட்டுத் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த மாமன் கடைசியில் வந்தான். தோளில் துணிப்பை, கிளம்பத் தயாராக.

நான் இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்தேன். அப்பா பிரித்தார். செவ்வரளி. இலையை உதறிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு விழுந்து கும்பிட்டார். மாமன் தோளிலிருந்து பையை இறக்கினான்.

எனக்கு மனசு ஆறவில்லை. மற்றப் பொட்டலத்தை மடியில் மறைத்துக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிரித்தேன். அதிலும் செவ்வரளி! நேரே மாமனிடம் ஓடினேன்.

“திருட்டு மாமா! ரெண்டுலயும் செவப்பு. நீதானே வெச்ச?”

அவன் இலையைப் பார்த்தான். சற்றுத் தள்ளிக் கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தான். அவள் திரும்பவே இல்லை. அவன் பூவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“ஆமா புள்ள. நான்தான் வெச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாத.”

குரல் கம்மியிருந்தது. அகப்பட்டுக்கொண்டவன் குரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்பாவால் முடியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு கர்வம். அந்த டீசல் வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் சந்தைக்குப் போயிருப்பேன், அத்தனை வருஷமும் அவனைத் திருடனாகவே பார்த்துவந்தேன். பொட்டலம் கட்டும்போது அவன் கோயில் பக்கமே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், சாமியிடமே பொய் சொல்லத் துணிகிறவள் எங்கள் அம்மாவாக இருக்கலாம் என்று அந்த வயசில் எனக்குத் தோன்றவே இல்லை.