ஏரியில் ஒரு மோட்டார் படகு

கொடைக்கானல், டிசம்பர் 1961

ஏரியில் துடுப்புப் படகு தவிர வேறெதுவும் ஓடக் கூடாது என்பது படகுத்துறைப் பலகையில் முதல் விதி. அந்தப் பலகையைத் தாண்டி, பங்களாக்காரர் ஒருவரின் சொந்த மோட்டார் படகு பனியைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அதன் அலை எங்கள் வாடகைப் படகுக்குள் ஏறுகிறது. படகோட்டி மாயாண்டி எழுந்து நின்று தகர டப்பாவால் தண்ணீரை இறைக்கிறார்.

கரைக்கு வந்ததும் ஏரிக் காவல்காரர் மாயாண்டியின் லைசென்ஸ் வில்லையைப் பறித்துக்கொள்கிறார். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்பது ஐந்தாம் விதியாம்.

“முதல் விதி என்ன ஆயிற்று?” என்கிறேன்.

“அது பெரிய எடத்து போட்டுங்க சார்” என்று சொல்லி, மோட்டார் படகுக்கு சலாம் வைக்கிறார்.

முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். படகுத்துறையிலேயே உட்கார்ந்து நகராட்சிக்கு மனு எழுதுகிறேன்.

மாயாண்டி வேட்டியைப் பிழிந்தபடி சொல்கிறார்: “எழுதுங்கய்யா. ஆனா வெரசா வரணும்ங்க. சித்திரை, வைகாசி சீசன்ல ஓட்டுனாத்தான் வருசம் பூரா எங்களுக்குக் கஞ்சி. வில்லை இல்லாதவனத் துடுப்பத் தொட விடமாட்டாக.”

பின்குறிப்பு: மாதந்தோறும் நினைவூட்டினேன். வில்லையைத் திருப்பித் தரலாமென்று உத்தரவு வந்தது. மோட்டார் படகைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சீசன் கூட்டம் மலையிறங்கிவிட்டிருந்தது. உத்தரவு என் கைக்கு வந்த தேதி, ஜூன் பதினெட்டு.