நாற்பது மணி நேரம்

அவருக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் ‘இதோ வந்தேன்’. முப்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கம்பெனி போன் அடிக்கும். சாப்பாட்டில் கை இருந்தாலும் சரி, தலையில் சோப்பு நுரை இருந்தாலும் சரி, முதல் மணியிலேயே எடுத்து “இதோ வந்தேன்” என்பார். சொன்னபடி இருபது நிமிஷத்தில் போய் நிற்பார். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறப்பார். முன்பின் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்கள்.

சொந்த போன் வேறு. அது அலமாரி மேல் கேட்பாரற்றுக் கிடக்கும். அதில் கூப்பிடுவது பெரும்பாலும் அண்ணன்தான். அண்ணன் பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். முழங்கால் வலியில் தொடங்கி, தன் வாட்ச்சின் அருமை பெருமையில் வந்து முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றபோது, ஆசைப்பட்டு வாங்கிய வாட்ச் அது. அந்தக் காசுக்கு ஒரு கார் வாங்கியிருக்கலாம். “வந்த வாழ்வைப் பாரு” என்று சொந்தபந்தம் முழுக்கச் சிரித்தது. அண்ணன் அசரவில்லை. குளிக்கும்போதும் கழற்றமாட்டார், தூங்கும்போதும் கழற்றமாட்டார். அண்ணி போன பிறகு அதுதான் உனக்குப் பெண்டாட்டி என்று தம்பியே கேலி செய்ததுண்டு.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் சொந்த போன் அடித்தது. எட்டிப் பார்த்தார். அண்ணன். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். காலையில் மறந்தும் போனார். செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுக்காரர் தகவல் சொல்லி, பூட்டை உடைத்து உள்ளே போனபோது அண்ணன் சமையலறைத் தரையில் கிடந்தார். தம்பியின் கண் முகத்துக்குப் போகவில்லை, கைக்குப் போனது. வாட்ச்சின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஓட்டம் நின்றிருந்தது. தேதிக் கட்டத்தில் பதினாறு பாதியும் பதினேழு பாதியுமாக இரண்டு எண்கள் தெரிந்தன.

மாரடைப்பு, சனிக்கிழமையே ஆகியிருக்கும், உடனே போயிருப்பார் என்றார் டாக்டர். அந்த ‘உடனே’யைத் தம்பி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கூப்பிட்டார், அந்த நிமிஷமே போய்விட்டார், எடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கப் போகிறது? போன் வந்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு லிஃப்ட் கதவைத் திறக்கும்போதும், உள்ளே தரையில் ஒருவர் கிடப்பார் என்று முதலில் கீழேதான் பார்த்தார். நாலு மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அண்ணனுக்கு ஒரே மகள், வெளிநாட்டில் இருக்கிறாள். காரியமெல்லாம் முடிந்ததும் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டாள். வாட்ச்சை ரிப்பேர் செய்து அனுப்பச் சொல்லி இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கே கொடுப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“ஷோரூம்லயே குடுத்துடுங்க சித்தப்பா. உள்ள இருக்கறது எல்லாத்தையும் மாத்திடுவாங்களாம். பழசோட தடமே இருக்கக் கூடாது.”

ஷோரூமிலும் அதையே சொன்னார்கள். குளிர்ந்த அறை, மெத்தை நாற்காலி, புதுசு மாதிரி வரும் என்ற உத்தரவாதம். ஆனால் நாலு இடத்தில் விசாரிக்காமல் ஒரு திருகாணிகூட வாங்காத மனிதர் அவர். அதனால்தான் மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன வாட்ச் கடைக்குள்ளும் நுழைந்தார். கடைக்காரப் பெண் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மிஷினுக்கு ஒண்ணும் ஆகல சார். கண்ணாடிதான் போயிருக்கு.”

“அப்புறம் ஏன் நின்னுச்சு?”

“இது கை அசைய அசையச் சாவி ஏறுற வாட்ச். கை நின்னுட்டா, ஏறின சாவில நாப்பது மணி நேரம் ஓடும். அப்புறம் நின்னுடும்.”

அவர் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டது. “தேதி ரெண்டும் பாதி பாதியா தெரிஞ்சா?”

“ராத்திரி பன்னெண்டு மணின்னு அர்த்தம். மாறும்போதே நின்னிருக்கும்.”

பதினாறு திங்கள், பதினேழு செவ்வாய். அதாவது திங்கட்கிழமை நள்ளிரவு. மனதுக்குள் பின்னோக்கி எண்ணினார். நாற்பது மணி நேரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு. மறுபடி எண்ணினார். அதே எட்டு. சனிக்கிழமை ஏழு மணிக்குப் பிறகும் அந்தக் கை பதின்மூன்று மணி நேரம் அசைந்துகொண்டு இருந்திருக்கிறது.

“எல்லா வாட்ச்சும் நாப்பதுதானாம்மா?”

“இல்ல சார். சிலது அம்பத்தஞ்சுகூட ஓடும். இது எவ்வளவு ஓடும்னு தெரியணும்னா, பிரிச்சுக் கழுவறதுக்கு முன்னாடி முழுசா சாவி குடுத்து, அசையாம வெச்சு எண்ணிப் பார்க்கணும். உள்பாகத்தை மாத்திட்டா அப்புறம் தெரியாது.”

ஐம்பத்துமூன்று ஓடினால் அண்ணன் சனிக்கிழமை ஏழு மணிக்கே போய்விட்டார். நாற்பது ஓடினால் ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்திருக்கிறார். ஷோரூமில் கொடுத்தால் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. வாட்ச்சை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணன் மகளுக்கு போன் செய்தார்.

“ஷோரூம் வேணாம்மா. சின்னக் கடை ஒண்ணு இருக்கு, இங்க குடுக்கறேன். எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு எண்ணிப் பார்க்கணும்.”

ஏன் என்று கேட்டாள். சொன்னார். நாற்பது மணிக் கணக்கைச் சொன்னார். சனிக்கிழமை போன் வந்ததையும், பார்த்துவிட்டே எடுக்காமல் விட்டதையும் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

“எண்ண வேணாம் சித்தப்பா.”

“தெரியணும்மா.”

“ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு அப்பா போன் வந்துச்சு. அங்க ஏழே முக்கால் இருக்கும். லீவு நாள்லகூட விடமாட்டாரான்னு கட் பண்ணிட்டேன். அவரோட போனை நீங்க பார்த்துடக் கூடாதுன்னுதான் நான் எடுத்துட்டு வந்தேன்.”

அவள் அழவில்லை. அவருக்கும் அழுகை வரவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை.

கடைக்காரப் பெண் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“என்ன சார், எண்ணிப் பார்க்கணுமா?”

“வேணாம்மா,” என்றார். “எண்ணியாச்சு.”