பக்கத்து இருக்கையில் பதினோரு வருடம்

பிரேமலதா டீச்சர் இறந்த செய்தி பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. இரண்டு மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்தாராம். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை; நீண்ட விடுப்பு என்றே நினைத்திருந்தேன். அடக்கத்தன்று, இந்த நினைவுமலரைப் படிக்கும் உங்களில் பலர் என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தீர்கள். அவரை அதிகம் அறிந்தவன் நான் என்று நினைத்திருப்பீர்கள்.

அதற்குக் காரணம் உண்டு. குன்னத்துகாலிலிருந்து நெய்யாற்றின்கரையில் உள்ள எங்கள் பள்ளிக்குப் பதினோரு வருடம் அவர் என் காரில்தான் வந்தார். அவர் கணக்கு, நான் வரலாறு. வழி முழுக்க நான் பேசுவேன். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவி இளையவர் ஒருவருக்குப் போன கதையை எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவர் கேட்டுக்கொண்டு வருவார். என் வீட்டில்கூட அப்படிக் கேட்க ஆளில்லை.

நாற்பத்தெட்டாவது வயதில் அவர் ஸ்கூட்டர் ஓட்டப் பழகினார். சர்ச் மைதானத்தில் விழுந்து, முழங்கையில் கட்டோடு வகுப்புக்கு வந்தார். இந்த வயதில் இது தேவையா என்று ஆசிரியர் அறையில் கேலி செய்தோம்.

"விழுந்தப்பமாவது நாலுபேரு என்னைப் பாத்தாவ" என்றார். சிரித்துவிட்டு அவரவர் வகுப்புக்குப் போனோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. திங்கள்கிழமை முதல் ஸ்கூட்டரில் வருவதாகச் சொன்னார். நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன்.

"குறை ஒண்ணும் இல்ல, சாரே. நான் கண்ணாடி மாத்தி ஒரு மாசம் ஆச்சு. வீட்டில அவரு பாக்கல்ல, பிள்ளைகளும் பாக்கல்ல. நீங்க பக்கத்திலயாக்கும் இருக்கிறிய."

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டம் நல்ல சிவப்பு.

"பதினோரு வருஷத்தில நான் சொன்ன ஒரு காரியம் உங்களுக்கு ஓர்மை உண்டா?"

நினைவைத் தேடுவதற்கு முன் கோபம்தான் வந்தது. மழையிலும் காத்து நின்று ஏற்றிக்கொண்டவனிடம் கேட்கிற கேள்வியா அது? அதன்பின் நான்கு வருடம் ஒரு வணக்கத்துக்கு மேல் நான் அவரிடம் பேசவில்லை. அந்த நான்கு வருடத்தில் அவர் வேறு ஆளாகிவிட்டார். மூன்று ஆசிரியைகளுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தார். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து தலைமையாசிரியரை மறுத்துப் பேசினார். வராந்தாவில் அவர் சிரிப்புக் கேட்டால் நான் வேறு வழியாகப் போவேன். என் காரில் அந்தச் சிரிப்பை ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசி நாட்களில் அந்த மூவர்தான் மாறி மாறி அவருடன் இருந்திருக்கிறார்கள். அடக்கம் முடிந்ததும் அவர்களில் ஒருவரான ஷீபா டீச்சரிடம், என்னிடம் மட்டும் ஏன் மறைத்தீர்கள் என்று சண்டைக்கே போனேன். சாரிடம் சொல்லட்டுமா என்று தான் கேட்டதாகவும், பிரேமலதா டீச்சரே தடுத்துவிட்டதாகவும் சொன்னார். என்ன சொல்லித் தடுத்தார் என்று விடாமல் கேட்டேன். ஷீபா தயங்கித்தான் டீச்சரின் வார்த்தைகளைச் சொன்னார்.

"சொன்னா சாரு வருவாரு. வந்து சாருக்க காரியத்தைப் பேசிட்டிருப்பாரு. எனக்கு இனி கொஞ்ச நேரமாக்கும் உண்டு."

என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒருமுறை அழைத்திருக்கலாம். வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதைச் செய்துகாட்ட அவர் எனக்கு இடம் தரவில்லை.

நினைவுமலருக்கு எழுதும்படி நீங்கள் கேட்டதிலிருந்து, அந்தப் பதினோரு வருடத்தில் அவர் பேசியது ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று பார்க்கிறேன். என் குரல்தான் கேட்கிறது. டீச்சருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது மேலே எழுதியுள்ள சில வாக்கியங்கள். அவற்றில் கடைசியானது என்னிடம் சொன்னதல்ல.